எர்மான்ஸுக்கு எட்டுச் செலவு

சாவு வீட்டுக்கு ஆரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டவர்கள் தாங்களாக வரவேண்டும், ஒரு மூலையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவேண்டும், எட்டாம் நாள் எட்டுச் செலவன்று செத்தவருக்குப் படைத்து முடிந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஊரிலிருந்து வரும்போது எதை எதையோ தொலைத்துவிட்டு வந்த, ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் இந்த ஒன்றை மட்டும் கவனமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. வேதக்காரர் சைவக்காரர் என்ற வித்தியாசம்கூட இதில் இல்லை. ஆகையால் பிளோறன்ஸ் ஒருவருக்கும் ரெலிபோன் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள். மருமகனுடைய தாய் செத்த செய்தி அன்றைக்கே உமாபதியின் தமிழ்க் கடையில் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேலால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். உமாபதியின் வாய் அப்படி.

நாளைக்கு எட்டு. இந்த ஒரு கிழமையில் வீட்டு மணியை அடித்தது கீழ்வீட்டு ஜெர்மன் மனுஷி மட்டுந்தான். அவள் ஒரு வெள்ளைப் பூச்சாடியைக் கையில் தந்து, "மைன் பைலைட்" என்று துக்கம் சொல்லி, பிளோறன்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனாள்.

"ஒரு தமிழ்ச் சனம் வரேல்லை," என்றாள் பிளோறன்ஸ். வெங்காயத்தை அரிகிற கத்தி பலகையில் பட்டுச் சத்தம் போட்டது. "ஒரு சனம் வரேல்லை, பாத்தியளோ?"

மேசைக்கு அந்தப் பக்கம் உள்ளி உரித்துக்கொண்டிருந்த புருஷன் ராசன் தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாருக்கும் வேலை வெட்டி இருக்குத்தானே."

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ? செல்வரட்ணத்தின்ரை தாய் கனடாவிலை செத்ததுக்கு இஞ்சை அவன்ரை வீட்டிலை செருப்பு வைக்க இடமில்லை. நானும் போய் இடியப்பம் அவிச்சனான். அந்த மனுசியை ஆர் கண்டது? ஒருத்தரும் காணேல்லை. ஆனாப் போனவையெல்லே."

"கத்தாதையப்பா. கீழை கேக்கும்."

"கேக்கட்டும். கீழை இருக்கிறவள்தான் மனுசி."

வெளியே மாசி போய்ப் பங்குனி பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. வாகனத் தரிப்பிடத்து ஓரமாக ஒதுக்கின பனி கறுத்துப்போய்க் கிடக்க, அதற்குமேல் தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பிளோறன்ஸ் இதற்காக மேலதிகாரியிடம் வாதாடி இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். சூடான படுக்கைத் துணியை மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வெடித்த கை. வெங்காயச் சாறு பட எரிந்தது. எரியட்டும் என்று அரிந்தாள்.

மருமகனின் பெயர் ருடி மூனியென். குவாதலூப் என்கிற தீவிலே பிறந்தவன். அமெரிக்காவுக்குக் கிட்டக் கடலுக்குள் கிடந்தாலும் அது பிரான்சுக்குச் சொந்தம். அங்கேயும் யூரோதான், பாஸ்போர்ட்டும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஜெர்மனியின் தெற்கே ஒரு முகாமுக்கு வந்தவன், பட்டாளம் விட்ட பிறகும் போகாமல் நின்றுவிட்டான். சிறுநீரகம் பழுதான நோயாளிகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது வேலை. அவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற பிரிவில்தான் மகள் லாரா தாதி. ஒருத்தன் கிழவர்களைக் கொண்டுவந்து விட, மற்றவள் பாரமெடுக்க, அப்படியே பழகிக் கலியாணம் வரைக்கும் வந்துவிட்டது.

கலியாணத்துக்கு எல்லாரும் வந்தார்கள். புரியாணியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்கள். "கறுப்பெண்டாலும் பொடியன் தங்கம்" என்று பிளோறன்ஸின் காதுபடச் சொன்னார்கள். காது படாத இடத்தில், ஆபிரிக்கரை ஏசுகிற சொல்லால், "காப்பிலி" என்றார்கள். ஆனால் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரனைக் கட்டினாலும் காப்பிலியைக் கட்டினாலும் அது பிறத்திக் கணக்கு. பிறத்தியானுக்கு எங்கள் சனத்திடம் சாதி கிடையாது. அவன் வீட்டில் தாராளமாகக் கை நனைக்கலாம். இந்தக் கணக்கு பிளோறன்ஸுக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள்.

போன ஐப்பசி, செபமாலை மாதம். ராசனின் தமையன் ஞானப்பிரகாசம் வீட்டில் செபமாலை. ஞானப்பிரகாசம் அண்ணை என்றால் ஹம்மில் தமிழ்க் கத்தோலிக்கருக்கு மூப்பர் மாதிரி. சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான் செபம் சொல்லுவார், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கர்த்தரின் பாடுகளைப் பசாமாகப் படிப்பார், வன்னிச் சனத்துக்காக நடக்கிற ஊர்வலத்துக்குப் பஸ் ஒழுங்கு செய்வார். செபம் முடிந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரோ ஒரு பெட்டை "லாரா அக்காவின்ரை காப்பிலி அத்தான்" என்று சாதாரணமாகச் சொன்னாள். பிளோறன்ஸுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அவன் காப்பிலி இல்லை. அவன் எங்கட தமிழ்ப் பொடியன்," என்றாள். "அவன்ரை பூட்டனுக்குப் பூட்டன் காரைக்காலிலை கப்பல் ஏறினவன். அங்கை அடிமையளை விடுதலை செய்தாப் பிறகு கரும்பு வெட்ட ஆளில்லையெண்டு பிரெஞ்சுக்காரன் எங்கட சனத்தை ஒப்பந்தம் எழுதிக் கொண்டுபோனவன். பெயரைப் பாருங்கோவன். மூனியென் எண்டது முனியன்தான். கோயிலிலை ஞானஸ்நானம் வாங்கினதுகள், ஆனா மாரியம்மனுக்கும் இப்பவும் கெடா வெட்டுதுகள்."

வெற்றி வந்த மாதிரித்தான் சொன்னாள். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள், வரலாறு கேட்பார்கள், அடுத்த முறை ருடியைக் கண்டால் "வா தம்பி" என்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் வரலாறு கேட்கவில்லை. ஞானப்பிரகாசம் அண்ணைதான் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"முனியன் எண்டோ சொன்னனீர்?"

"ஓம், பெரியத்தான்."

"ம்," என்றார். அவருடைய பெண்சாதி கொறற்றி வெறுங்கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அந்த "ம்"தான். அதற்குப் பிறகு நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, வந்தவர்களுக்கு வயிற்றில் எரிவு, சாப்பாடு வேண்டாம். வருசத்துக்கு வந்தவர்கள் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். லாரா வீட்டிலிருந்து சனத்துக்குக் கொடுத்தனுப்பின கேக் ஒருவரும் தொடாமல் உமாபதியின் கடை வாங்கில் இரண்டு நாள் கிடந்தது. கடைசியில் ஞானப்பிரகாசம் அண்ணை தம்பியைத் தனியே கூப்பிட்டு விளக்கமே சொல்லிவிட்டார்: "பிறத்தி எண்டால் ஒரு பிரச்சினையுமில்லை, தம்பி. இப்ப எங்கட ஆக்கள் எண்டு உன்ரை மனுசியே சொல்லிப்போட்டா. எங்கட ஆக்கள் எண்டால், எந்த ஆக்கள் எண்டு கேள்வி வருந்தானே. எங்கட ஊரிலை முனியன் எண்டு ஆர் பிள்ளையளுக்குப் பேர் வைச்சது?"

ராசன் இதை வந்து பிளோறன்ஸிடம் சொன்னபோது அவள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஒரு கடலைத் தாண்டி, நூற்றைம்பது வருசம் கரும்புக்குள் கிடந்து, பிரெஞ்சுக்காரனாகி, பட்டாளத்துக்குப் போய், ஹம் வரைக்கும் வந்த ஒருத்தனை இவள் ஒரே ஒரு வசனத்தால் கொண்டுபோய்த் தங்கள் ஊரான இளவாலையின் தோட்டக் கரையில், தீண்டாத கூலிச் சனத்தோடு நிறுத்திவிட்டாள். அதுவும் பெருமைக்கு.

*

எர்மான்ஸ் என்பது ருடியின் தாயின் பெயர். பிளோறன்ஸ் அவளை நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ருடி ரெலிபோனைக் கையில் கொடுப்பான். அவள் பிரெஞ்சும் கிரியோலும் கலந்து ஏதோ சொல்லுவாள், இவள் தமிழில் ஏதோ சொல்லுவாள், பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். போன கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட துணி. மதராஸ் என்றுதான் அங்கே அந்தத் துணிக்குப் பெயராம், கொண்டாட்டத்துக்குப் பெண்கள் அதைத்தான் தலையில் கட்டுவார்களாம். கூடவே ஒரு போத்தல் கறித்தூள். அந்தத் தூளுக்குப் பெயர் கொலொம்போ, அதாவது கொழும்பு. பிளோறன்ஸ் அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தாள்.

சாவுச் செய்தி வந்த அன்று ருடி வேலை உடுப்போடேயே வந்து குசினிக் கதிரையில் இருந்தான். அவனும் அவளும் பேசுவது இரண்டு ஓட்டை ஜெர்மன். ஆனால் ஒருத்தருடைய ஓட்டை மற்றவருக்குப் பழகிவிட்டது.

"எப்ப போறாய், தம்பி?" என்று பிளோறன்ஸ் கேட்டாள்.

"போக முடியாது, மாமி. நாளை அடக்கம். அங்கே வெக்கை, வைத்திருக்க மாட்டார்கள். தீவு முழுக்க வேலைநிறுத்தம். பாரிசில் விற்கிற சாமானுக்கு அங்கே இரண்டு மடங்கு விலை, அதுதான் சனம் றோட்டுக்கு வந்துவிட்டது. பெற்றோல் இல்லை. எல்லாச் சந்தியிலும் மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார்கள்."

"அப்ப அம்மாவை எப்பிடிக் கொண்டுபோறது?"

"தோளில். அங்கே இருக்கிற என் தம்பி சொன்னான், மறியல் செய்கிறவர்களே மரத்தை இழுத்து வழி விடுவார்களாம். சவம் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்களாம்."

அவன் மேசையில் சிந்திக் கிடந்த மாவில் விரலால் தீவைக் கீறிக் காட்டினான். வண்ணாத்திப்பூச்சி மாதிரி இரண்டு செட்டை. ஒரு செட்டையில் மலையும் எரிமலையும் மழையும். மற்றச் செட்டை தட்டை நிலம், சுண்ணாம்புக் கல்லு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரும்பு. கரும்புச் செட்டையில் ஒரு புள்ளி குத்தி, "இங்கே," என்றான். அவன் சின்னப் பொடியனாக இருக்கும்போது அடித்த பெரும் புயலில் கூரை போனபிறகு எர்மான்ஸ் தகரத்தைத் தேடிப் பொறுக்கிக்கொண்டுவந்து தானே ஏறி நின்று ஆணி அடித்த வீடு.

"அம்மாவின்ரை பக்கமும் இந்தியாவோ?" பிளோறன்ஸ் அதுவரைக்கும் இதைக் கேட்டதே இல்லை.

"அம்மாவின் அப்பா இந்தியன். அம்மாவின் அம்மா கறுப்பு. அடிமைகளின் பேத்தி. அந்தக் காலத்தில் அந்தக் கலியாணத்துக்கு இரண்டு பக்கமும் வரவில்லை. கூலி என்று அவர்கள் ஏசினார்கள், நீக்ரோ என்று இவர்கள் ஏசினார்கள். அம்மா சொல்லுவா, நான் எல்லாரிடமும் ஏச்சு வாங்கினவள், எனக்கு எல்லாரும் சொந்தம் என்று."

பிளோறன்ஸ் மாவில் குத்தின அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அவன் காப்பிலி இல்லை என்று செபமாலை வீட்டில் நின்று கத்தினபோது அந்த மனுஷியில் பாதியை வெட்டி எறிந்திருக்கிறாள். அவர்கள் செய்தது ஒன்று, தான் செய்தது இன்னொன்று. கோபம் வருகிறபோது ஆர்மேல் வருகிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு இலையில் சாப்பாடு வைப்போம்," என்றான் ருடி. "பிடித்ததெல்லாம் வைப்போம். றம்கூட. நான் தனியே என் அறையில் வைக்கிறேன், மாமி. லாரா மெழுகுதிரி வாங்கிவைத்திருக்கிறாள்."

"தனிய ஏன் வைக்கிறாய்? உன்ரை கொம்மாவுக்கு இந்த வீட்டிலை எட்டு நடக்கும். அவ என்ரை சம்பந்தி. சனம் வரும்." கடைசிச் சொல்லை அவள் கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.

அதைக் கேட்டுக்கொண்டு கதவடியில் நின்ற லாரா, ருடி கீழே வானை எடுக்கப் போனதும் தகப்பனிடம் போனாள். ராசன் தொலைக்காட்சியில் வன்னி யுத்தச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நீங்கள் எங்கட வீட்டிலை சாப்பிட்டு எத்தினை மாசம்?"

"வேலை, பிள்ளை. சிப்ற் மாறி மாறி வருது."

"எனக்கு ஏலாது, அப்பா. பெரியப்பா வரட்டும், வராமல் விடட்டும். அவரின்ரை வீட்டுக்கு நான் போகப்போறதில்லை. ஆனா நீங்கள் எட்டண்டைக்கு ருடிக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடவேணும். சாப்பிடாட்டி இந்த வீட்டுக்கு நான் வரமாட்டன். அவரும் வரமாட்டார். இதை நான் கோவத்திலை சொல்லேல்லை."

"சாப்பிடாமல் என்ன? சாப்பிடுவன்தானே," என்றான் ராசன்.

கோபத்தில் சொல்லவில்லை என்றாளே, அதுதான் பிளோறன்ஸைப் பயப்படுத்தியது. கத்துகிற பிள்ளை திரும்பி வரும். இவள் நோயாளிக்கு டெர்மின், வரவேண்டிய நாள் நேரம், சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

ராசனை அவளுக்குத் தெரியும். கெட்டவனில்லை. எண்பத்து நான்கில் அவனைக் கிழக்கு பெர்லின் வழியாக இழுத்து எடுத்தது தமையன். அசூல் அகதி முகாமில் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தது தமையன். அந்தத் தமையன் கண்ணைக் காட்டினால் இவனுக்குச் சோறு இறங்காது. கம்பித் தொழிற்சாலையில் இருபது வருசம் இரும்பை இழுத்தவன், தமையனுக்கு முன்னால் நூல்.

*

எட்டன்று காலையிலிருந்து பிளோறன்ஸ் அடுப்பை விட்டு நகரவில்லை. உமாபதியிடம் ஆட்டிறைச்சியும் வாழையிலையும் வாங்கியாயிற்று. எர்மான்ஸ் அனுப்பின தூளைத்தான் போட்டாள். வறுத்த அரிசி சேர்த்து அரைத்த மஞ்சள் தூள், மிளகாய் கிடையாது. தன் அலுமாரியிலிருந்து ஒரு கரண்டி யாழ்ப்பாணத் தூளை எடுத்துப் போட அவளுக்குக் கை துறுதுறுத்தது. செத்தவளுடைய வாய்க்கு என்று நினைத்து அடக்கிக்கொண்டாள். உப்பு மீனை ஊறவைத்து, உதிர்த்து, மாவில் பிரட்டி ருடி பொரித்தான். பச்சை வாழைக்காயைத் தோலோடு அவித்தான்.

தபசு காலம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. கத்தரிக்காய், பருப்பு, கீரை என்று வேறு சட்டியில் மரக்கறி வைத்தாள். இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரருக்குக் கேழ்வரகுக் குரக்கன் பிட்டு அவித்தாள். ஒரு சாட்டுக்கும் இடம் விடக்கூடாது.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. கறி இரண்டு முறை சூடாக்கியாயிற்று. பிறகு மணி அடித்தது. ஞானப்பிரகாசம் அண்ணையும் கொறற்றியும். அவர்களுக்குப் பின்னால் படியில் ஒருவருமில்லை.

குறை சொல்லக்கூடாது, செபத்தை நன்றாகத்தான் சொன்னார். எர்மான்ஸின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, அவள் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்து, அவளுடைய ஆத்துமா நித்திய இளைப்பாற்றியில் சேரவேண்டும் என்று உருக்கமாகக் கேட்டார். இலையில் இருந்த சின்னக் கிளாஸ் றம்மைப் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். ருடி கண்ணைத் துடைத்தான். எழும்பி நின்றதும் ஞானப்பிரகாசம் அண்ணை அவனைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார்.

பிளோறன்ஸ் மேசையில் இலைகளைப் போட்டாள். "பெரியத்தான், கையைக் கழுவிப்போட்டு வந்து இருங்கோ. கொறற்றி அக்கா, நீங்களும்."

"நாங்கள் வெளிக்கிடப்போறம், பிள்ளை," என்றார் அவர். " தபசு காலமெல்லே. இறைச்சி தொடமாட்டம்."

"தெரியும். மரக்கறி வேறை சட்டி, வேறை அகப்பை."

"எனக்குச் சோறு சரிவராது. சீனி கூடிப்போச்சுது."

"குரக்கன் பிட்டு இருக்கு."

கொறற்றி குறுக்கே வந்தாள். "இவருக்கு டொக்டர் உறைப்பும் வேண்டாமெண்டவர்."

"பிட்டிலை என்ன உறைப்பு, அக்கா? மாவும் தேங்காய்ப்பூவும்."

"வேண்டாமெண்டால் விடுமன், பிள்ளை," என்றார் ஞானப்பிரகாசம் அண்ணை.

"சரி. தேத்தண்ணி குடியுங்கோ. பால் வேண்டாம், சீனி வேண்டாம். வெறும் தண்ணி. ஹம் நகரசபைத் தண்ணி, பெரியத்தான். உங்கட வீட்டுக் குழாயிலையும் அதுதான் வருது."

ஞானப்பிரகாசம் அண்ணை செபமாலையைப் பொக்கற்றுக்குள் வைத்தார். "பிளோறன்ஸ், நீர் விளங்காத மாதிரிக் கதையாதையும். வந்தம், செபம் சொன்னம். ஆத்துமாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாச்சு. கை நனைக்கிறது வேறை கதை. எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசப்போனால் கேப்பினம்."

"என்ன கேப்பினம்?"

"உமக்குத் தெரியும்."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று ருடி ஜெர்மனில் கேட்டான்.

"உன்னுடைய அம்மாவின் சாப்பாடு ஊத்தை என்கிறார்," என்று லாரா ஜெர்மனிலேயே சொன்னாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் ஞானப்பிரகாசம் அண்ணை. ஜெர்மன் அவருக்கும் விளங்கும்.

பிளோறன்ஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "வேறை என்ன சொன்னனீங்கள்? போன மாசம் டுசில்டோர்ஃபிலை ஊர்வலத்துக்குப் பனிக்குள்ளை உங்களை ஏத்திக்கொண்டு போனது ஆர்? இவன். உங்கட பதாகையைப் பிடிச்சுக்கொண்டு மூண்டு மணித்தியாலம் விறைச்சுப்போய் நிண்டவன் ஆர்? இவன். தமிழன் எந்தத் தீவிலை கிடந்தாலும் தமிழன் எண்டு அண்டைக்கும் உப்பிடித்தான் முதுகிலை தட்டினனீங்கள். தட்டின கையை அவன் வீட்டுச் சோத்திலை வைக்க ஏலாதோ? அங்கை வன்னியிலை ஒரே பங்கர்க் குழிக்குள்ளை எல்லாச் சாதியும் ஒண்டுக்குமேலை ஒண்டு கிடந்து சாகுது. இஞ்சை மூண்டாம் மாடியிலை உங்களுக்கு ஒரு பிடி பிட்டு இறங்குதில்லை. நல்லா இருக்கு உங்கட தமிழ். நல்லா இருக்கு உங்கட வேதம்."

"பிளோறன்ஸ்," என்றான் ராசன்.

"நீங்கள் சும்மா இருங்கோ. இல்லாட்டி வந்து இலையிலை இருங்கோ. ரெண்டிலை ஒண்டு."

ஞானப்பிரகாசம் அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டார். பெண்களோடு வாய் கொடுக்கிற ஆளில்லை அவர். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "என்ன தம்பி, நீ சாப்பிடப் போறியோ?"

லாராவும் பார்த்தாள். "அப்பா."

ராசன் இலையைப் பார்த்தான், தமையனைப் பார்த்தான். பிறகு வயிற்றில் கையை வைத்தான். "எனக்கும் காலமையிலை இருந்து வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு. பிறகு பாப்பம்."

கதவு சாத்திக்கொண்டது. படியில் இரண்டு பேர் இறங்குகிற சத்தம் கேட்டது. லாரா தகப்பனைத் திட்டவில்லை. உள்ளே போய்த் தன் ஜக்கெற்றையும் ருடியின் ஜக்கெற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ருடி தாயின் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தான் சாப்பிட்டு, இன்னொரு பிடியைப் பிளோறன்ஸின் கையில் வைத்தான். அவள் சாப்பிட்டாள்.

"நன்றி, மாமி," என்றான். "அம்மா சாப்பிட்டுவிட்டா." படத்தைத் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாராவுக்குப் பின்னால் போனான். ராசன் பக்கம் திரும்பி, வழக்கம் போலத் தலையைக் குனிந்து, "மாமா," என்றும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

*

பிளோறன்ஸ் படுக்கையறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. உடம்பு முழுக்கக் கொதித்தது. ஒரு பிள்ளை. ஒரே ஒரு பிள்ளை. அதையும் வயிற்றுவலி என்ற ஒரு சொல்லால் வீட்டை விட்டுக் கலைத்துவிட்டு ஒரு மனுஷன் இந்த வீட்டுக்குள் இருக்கிறான். இருட்டுப்பட்டது. மேசையில் இலைகள் காய்ந்து சுருளுமே, எடுத்துப் போடுவோம் என்று எழும்பி வந்தாள்.

குசினியில் வெளிச்சம் எரிந்தது. ராசன் அடுப்படியில் நின்றான். இடது கையில் ஒரு கோப்பை, அதில் சோறு, சோற்றுக்குமேல் ஆட்டிறைச்சிக் கறி. குனிந்து அவதி அவதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எலும்பை உறிஞ்சினான். பிறகு சட்டியைத் திறந்து இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டான். அவளைக் கண்டதும் வாய் அப்படியே நின்றது.

"பசிச்சது," என்றான்.

"நல்லா இருக்கோ?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தவன், கத்தாததால் கொஞ்சம் தைரியமானான். "தூள் வேறை வாசம். ஆனா நல்லா இருக்கு. இறைச்சி நல்லா அவிஞ்சிருக்கு. அவை போயிட்டினம்தானே, இனி என்ன. நாளைக்கு நான் லாராவுக்கு ரெலிபோன் எடுத்து, சாப்பிட்டனான் எண்டு சொல்லுறன். அண்ணைக்கும் தெரியத் தேவையில்லை. ஒருத்தருக்கும் மனம் நோகாமல் போயிடும்."

பிளோறன்ஸ் ரெலிபோனை எடுத்தாள்.

"ஆருக்கு எடுக்கிறாய்?"

அவள் இலக்கத்தை அமர்த்திக் காதில் வைத்தாள். "பெரியத்தானோ? பிளோறன்ஸ் கதைக்கிறன். நல்லபடியாப் போய்ச் சேந்தியளோ? ஓம், ஓம். ஒண்டு சொல்லத்தான் எடுத்தனான். உங்கட தம்பிக்கு வயிறு சுகமாயிட்டுது."

ராசன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பறிக்கலாம் என்றால் ஒரு கையில் கோப்பை, மற்றக் கையெல்லாம் கறி.

"குசினிக்குள்ளை நிண்டு சாப்பிடுறார். முனியன்ரை தாயின்ரை எட்டுச் சாப்பாடு. மரக்கறி இல்லை, இறைச்சியோடைதான். ரெண்டாந்தரமும் போட்டவர். நல்லா இருக்காம். நீங்களே கேளுங்கோ, குடுக்கிறன்." அவள் ரெலிபோனை ராசனின் காதடியில் பிடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுக் கேட்டது. பிறகு ரெலிபோனை வைத்த சத்தம்.

"என்னைக் கொண்டுபோய்க் குழிக்குள்ளை தள்ளிப்போட்டியே," என்றான் ராசன். "இனி அண்ணை என்ரை முகத்திலை முழிப்பாரே?"

"முழிக்கமாட்டார். அங்கை உங்களுக்கு இனி இடமில்லை. அதுக்குத்தான் எடுத்தனான்." அவள் கறிச் சட்டியை மூடிச் சீலைத் துண்டால் சுற்றிக் கட்டினாள். சோற்றுப் பானையை அவன் பக்கம் தள்ளினாள். "வெளிக்கிடுங்கோ. பொடியன் வீட்டை போவம். மிச்சத்தை அவனுக்கு முன்னாலை இருந்து சாப்பிடுங்கோ."

ராசன் கோப்பையை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

"கழுவாதேங்கோ," என்றாள். "உந்தக் கையோடை வாங்கோ. அவன் பாக்கட்டும்."

அவன் கறிக் கையை நீட்டிப் பிடித்தபடி நின்றான். ஜக்கெற்றை அவள்தான் தோளில் போட்டுவிட்டாள்.

"லாரா கதவு திறப்பாளோ?" என்று கேட்டான்.

"திறக்காட்டி வெளியிலை படியிலை இருந்து சாப்பிடுங்கோ. தோட்டத்திலை வேலை செய்த சனத்துக்கு உங்கட அப்பர் அப்பிடித்தானே சோறு போட்டவர். அது எப்பிடி இருக்குமெண்டு நீங்களும் ஒருக்கால் பாருங்கோ."